இறக்கை வெடிப்பை யார் பார்ப்பது?

காட்டுத்தீயை அணைக்கப் போன விமானம் வானத்திலயே இறக்கை முறிஞ்சு விழுந்தால் யார் பொறுப்பு?

2002 ஜூன் 17, கலிபோர்னியாவின் வோக்கர் அருகே சி-130ஏ விமானம் விழுந்து மூவர் இறந்தனர். அடுத்த மாதம் கொலராடோவில் 1945இல் கட்டப்பட்ட இன்னொன்று விழுந்தது, இருவர் இறந்தனர். இரண்டும் படைகள் கழித்துவிட்ட பழசுகள். இறக்கையின் உலோகம் களைத்து வெடித்திருந்ததை எந்தப் பரிசோதனையும் பிடிக்கவில்லை.

அமெரிக்க வனத்துறை தனியார் கம்பனிகளிட்ட ஒப்பந்தத்தில் விமானம் எடுத்தது. தகுதி பார்ப்பது விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வேலை என்று இருந்தது. நிர்வாகமோ, தீயணைப்பு அரச பறப்பு, எங்கட அதிகாரத்துக்குள்ள வராது என்றது.

2004இல் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை, பொறுப்பு வனத்துறைக்கே என்றது. தகுதியை உறுதிப்படுத்த வழியில்லாத வனத்துறை, 33 பெரிய விமானங்களின் ஒப்பந்தங்களை இரத்துச் செய்தது. ஐந்து பேர் செத்தபிறகுதான் அந்தக் கேள்விக்கு ஒரு முகவரி கிடைத்தது.