ஜாமீன் பொறுப்பு (இந்தியச் சட்டம்)

ஒருவர் வாங்கிய கடனை அவர் அடைக்கத் தவறினால் தாம் அடைப்பதாக இன்னொருவர் கடன் கொடுத்தவருக்குத் தரும் வாக்கு ஜாமீன் எனப்படும். இந்தியாவில் இதற்கான விதிகள் 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில், 126 முதல் 147 வரையுள்ள பிரிவுகளில் இருக்கின்றன. கடன் கொடுப்பவர் தேடும் காப்பு இரண்டு வகை. ஒன்று பொருள்: வங்கியில் ஒப்படைக்கும் மூலப்பத்திரம், அடகு வைக்கும் நகை, கிடங்கில் இருக்கும் சரக்கு. மற்றொன்று ஆள். அடமான நிலத்தின் விலை இறங்கலாம், சரக்கு கரைந்து போகலாம். ஆனால் ஜாமீன்தாரர் ஒப்புக்கொண்ட தொகை வரைக்கும் தம்முடைய எல்லாச் சொத்தையும் வைத்துப் பதில் சொல்ல வேண்டியவர். இவ்வளவு பெரிய சுமையை ஏற்றிய பழைய சட்டம், அதற்கு ஈடாகச் சில உரிமைகளையும் தந்தது. 2016ஆம் ஆண்டின் திவால் சட்டத்தின் கீழ் சுமை அப்படியே நிற்க, ஈடாகக் கிடைத்த உரிமைகள் மட்டும் உதிர்ந்துபோயின என்பதே இத்துறையின் இன்றைய சிக்கல்.

128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாத வரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்தாரரின் பொறுப்பும் ஒரே அளவு. ‘முதலில் கடன் வாங்கியவரைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் என்னிடம் வாருங்கள்’ என்று ஜாமீன்தாரர் சொல்ல முடியாது. பீகார் வங்கி வழக்கில் கீழ்நீதிமன்றம் அப்படியொரு நிபந்தனையை விதித்தபோது, 1969இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. ஈட்டுக்கடனை நீதிமன்றம் போகாமலேயே வசூலிக்க வழிசெய்த 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டமோ ‘கடன் வாங்கியவர்’ என்ற சொல்லுக்குள்ளேயே ஜாமீன்தாரரையும் அடக்கிவிட்டது. இதற்கு எதிர்த்தட்டில் பழைய சட்டம் வைத்தவை சாதாரணமானவை அல்ல. ஜாமீன்தாரரின் சம்மதம் இல்லாமல் கடன் நிபந்தனையை மாற்றினால், அதன்பின் நடக்கும் கொடுக்கல் வாங்கலுக்கு அவர் பொறுப்பில்லை. கடன் கொடுத்தவர் தம் செயலால் கடன்தாரரை விடுவித்தால் ஜாமீன்தாரரும் விடுபடுவார். கையில் இருந்த ஈட்டைக் கடன் கொடுத்தவர் கோட்டைவிட்டால் அந்த மதிப்பு அளவுக்குப் பொறுப்பு குறையும். ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரர் தவணையைக் கட்டாமலே மரங்களைக் கொண்டுபோக மத்தியப் பிரதேச வனத்துறை விட்டுவிட்ட வழக்கில், 1967இல் ஜாமீன்தாரர் தப்பியது இந்த விதியால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, பணத்தைக் கட்டிய ஜாமீன்தாரர் கடன் கொடுத்தவரின் இடத்துக்கு வந்துவிடுகிறார்; அவர் கையில் இருந்த அடமானம் இப்போது இவருக்கு. (வங்கிகளின் அச்சடித்த ஜாமீன் பத்திரம் இவற்றில் பலவற்றைச் சின்ன எழுத்தில் முன்கூட்டியே விட்டுக்கொடுக்கச் செய்துவிடும். கையெழுத்துப் போடுகிறவர்களில் எத்தனை பேர் அதைப் படிக்கிறார்கள்?)

கடன் வாங்கிய நிறுவனம் திவாலாகும்போது இந்தச் சமன் கலைகிறது. நடவடிக்கை தொடங்கியதும் நிறுவனத்தின் மேல் வழக்கோ வசூலோ கூடாது என்ற தடை வருகிறது. அந்தத் தடை ஜாமீன்தாரரைக் காக்காது என்பதை 2018இல் திருத்தமும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் உறுதிசெய்தன. 2019 நவம்பர் 15 அன்று இரண்டு காரியங்கள் நடந்தன. நிறுவனக் கடனுக்கு ஜாமீன் நின்ற தனிநபர்களுக்கும் திவால் சட்டம் பொருந்தும் என்று அரசு அறிவித்தது. அதே நாளில் எஸ்ஸார் ஸ்டீல் வழக்கில், பணம் கட்டிய ஜாமீன்தாரர் மீட்கப்பட்ட நிறுவனத்திடம் அதைத் திரும்பக் கேட்க முடியாது என்று, அந்த நிறுவனத்தை மீட்க வகுத்த திட்டத்தில் இருந்த விதியை உச்ச நீதிமன்றம் ஏற்றது. பின்னர் 2021இல் லலித் குமார் ஜெயின் வழக்கில், மீட்புத் திட்டம் நிறுவனத்தை விடுவித்தாலும் ஜாமீன்தாரர் விடுபட மாட்டார் என்றது. அந்த விடுதலை சட்டத்தால் நேர்வது, கடன் கொடுத்தவரின் செயலால் அல்ல என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். மீட்புத் திட்டத்துக்கு 66 சதவீத வாக்கோடு ஒப்புதல் தருவதே கடன் கொடுத்தோர் குழுதான் என்பதை நினைத்தால் இந்தக் காரணம் முழு நிறைவு தரவில்லை.

தீர்ப்பின் பக்கமும் வலுவான வாதங்கள் உண்டு. கடன்தாரர் நொடித்துப் போகும் நாளுக்காகத்தானே ஜாமீன் வாங்குவது? அந்த நாளில் செல்லாதென்றால் அந்தக் காகிதம் எதற்கு? எதிர்த்து வாக்களித்த வங்கியின் ஜாமீனும் பெரும்பான்மையின் முடிவால் அழிந்துவிடுமே? மேலும், இப்படி ஜாமீன் நிற்பவர்கள் பெரும்பாலும் நிறுவனத்தை நடத்திய முதலாளிகளே. கடனை ஊதாரித்தனமாகச் செலவழித்துவிட்டு வீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ள விடலாமா? இவை எல்லாம் பொறுப்பு நீடிக்க வேண்டும் என்பதற்கான நியாயங்கள். திரும்பப் பெறும் உரிமையை அழிப்பதற்கு இவற்றில் ஒன்றும் இடம் தரவில்லை. வங்கி தன் முழுக் கோரிக்கையையும் வைத்திருக்க, ஜாமீன்தாரர் கட்டும் தொகைக்கு மட்டும் மீட்புத் திட்டத்தில் பின்வரிசையில் ஓர் இடம் ஒதுக்கலாம். முதலாளியையும், நிர்வாகத்தில் பங்கே இல்லாமல் கையெழுத்திட்ட மனைவியையோ மைத்துனரையோ சட்டம் பிரித்துப் பார்க்கலாம். அமெரிக்கத் திவால் சட்டத்தின் 13ஆம் அத்தியாயம், குடும்பச் செலவு போன்ற நுகர்வுக் கடன்களில் உடன் கையெழுத்திட்டவரையும் வசூல் தடைக்குள் கொண்டுவருகிறது. அங்கும் பொறுப்பு ஒழிவதில்லை, அவகாசம் கிடைக்கிறது.

தனிநபர் ஒருவரின் கடனுக்கு ஜாமீன் நின்று நொடித்தவர் நிலை வேறு. 2016 சட்டத்தின் தனிநபர் பகுதி அவருக்கு இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களில் 1909ஆம் ஆண்டுச் சட்டமும், மற்ற இடங்களில் 1920ஆம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டமும்தான் அவருக்கு வழி. பேச்சுவழக்கில் மஞ்சள் கடுதாசி என்பது இந்த வழியைத்தான். ஐந்நூறு ரூபாய்க் கடன் இருந்தாலே மனுச் செய்யலாம் என்று எழுதப்பட்ட காலத்தின் சட்டங்கள் அவை.