மைக்கில் புகுந்த மிருதங்கம்

நவராத்திரி வந்துவிட்டால் கடல் கடந்து இருக்கும் நம் வீட்டு ஹால்களிலும் ஒரு சின்னக் கச்சேரி நடந்துவிடும். பெண் பாடும், நண்பர் வீட்டுப் பையன் மிருதங்கம், யாராவது ஒருவர் வயலின். அதைப் பதிவு செய்து ஊருக்கு அனுப்புவோம். பாட்டியிடமிருந்து பதில் வரும்: "மிருதங்கம் ஜோரா கேக்கு மக்ளே, பிள்ள பாடுனதுதான் கேக்கல."

ஆளுக்கொரு மைக் வைத்தும் ஏன் இப்படி? குரலுக்கு வைத்த மைக்கில் மிருதங்கமும் புகுந்துவிடுகிறது. ஒலிப்பதிவுக்காரர்கள் இதை 'ப்ளீட்' என்பார்கள். நூறு வருடத்துக்கு மேல் பழைய தலைவலி இது.

மைக்கே இல்லாத காலத்திலிருந்து வருவோம். நாஞ்சில் நாட்டுக்காரர்களான எங்களுக்கு 1956 நவம்பர் 1 வரை தலைநகரம் திருவனந்தபுரம்தான். பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டி அங்கே நவராத்திரி மண்டபம் இருக்கிறது. சுவாதித் திருநாள் (1813-1846) கீர்த்தனைகளை ஒன்பது நாளும் அங்கே பாடுவார்கள். நாதம் சீராகக் கேட்பதற்காகக் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மண்டபத்தில் குரலும் தாளமும் கலந்தால்தான் கச்சேரி. கலப்பது குறையில்லை, எந்த அளவில் கலக்கிறது என்பதுதான் கேள்வி.

1902-இல் ஃப்ரெட் கெய்ஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜானைப் பதிவு செய்தார். அவரிடம் இருந்தது ஒரு பெரிய ஹார்ன் மட்டும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க அதில் திருகு கிடையாது. எனவே பாடுபவரை ஹார்னுக்குப் பக்கத்தில் நிறுத்துவார்கள், சத்தமான வாத்தியத்தைத் தள்ளி உட்கார வைப்பார்கள். ஆக, தூரம்தான் முதல் கருவி.

1925-இல் மின்சார ஒலிப்பதிவு வந்தது. 1930களின் தொடக்கத்தில் ஆர்.சி.ஏ.வின் ரிப்பன் மைக் வந்தது. அது முன்னும் பின்னும் கேட்கும், பக்கவாட்டில் கேட்காது. 1939-இல் ஷூர் கம்பெனியின் யூனிடைன் வந்தது. அது முன்னால் நன்றாகக் கேட்கும், பின்னால் வருவதை ஒதுக்கும். இரண்டாவது கருவி, திசை.

திருவனந்தபுரத்தில் வானொலி தொடங்கியது 1943 மார்ச் 12-இல். 1950 ஏப்ரல் 1-இல் அது ஆல் இந்தியா ரேடியோவோடு சேர்ந்தது. அந்தக் கால நேரடி ஒலிபரப்பில், பிறகு பிரித்துச் சரிசெய்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. எப்படிக் கலக்கிறதோ அப்படியே காற்றில் போய்விடும்.

1957-இல் அமெரிக்காவில் லெஸ் பால் தன் வீட்டிலேயே எட்டு டிராக் டேப் ரெக்கார்டரை நிறுவினார். ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்கலாம் என்றானது. திருவனந்தபுரத்தில் 1980-இல் ஜேசுதாஸ் தரங்கிணியைத் தொடங்கியபோது, பாடகருக்குத் தனி அறை ஒதுக்குவது உலகெங்கும் ஸ்டூடியோக்களில் சாதாரண விஷயம்.

நம் ஹாலில் தனி அறைக்கு எங்கே போவது? அதுவும் கண்ணைப் பார்த்து வாசித்தால்தான் தாளம் நிற்கும். எனவே பழைய கருவிகள் இரண்டுதான் நமக்குக் கதி. நல்ல வேளை, இரண்டும் இலவசம்!

தூரம்: பாடுபவரின் மைக்கை 2 அடியிலிருந்து 1 அடிக்குக் கொண்டு வந்தால் குரல் சுமார் 6 டெசிபல் கூடும், மிருதங்கம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். அடுத்த மைக் அதிலிருந்து குறைந்தது 3 அடி தள்ளி இருக்கட்டும்.

திசை: மேடையில் போல வரிசையாக உட்கார வேண்டாம். பாடுபவரும் மிருதங்கக்காரரும் எதிரெதிரே உட்காரட்டும். இருவருடைய மைக்கும் மற்றவருக்கு முதுகைக் காட்டும்.

சுவரில் மோதித் திரும்பும் சத்தத்துக்கு ஜமக்காளமும் கம்பளியும் போதும். குரலையும் வாத்தியத்தையும் பிரித்துத் தரும் மென்பொருள் இன்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் மிருதங்கத்தை எடுக்கும்போது குரலின் ஓரத்தையும் கொஞ்சம் தின்றுவிடுகிறது. ரெக்கார்ட் பட்டனை அழுத்துவதற்கு முன் பத்து நிமிடம் பாயை நகர்த்திப் போட்டுப் பாருங்கள். கெய்ஸ்பர்க் செய்ததும் அதைத்தான்.