பசுவின் தடமும் கால்வாயின் வாட்டமும்: கன்னடியன் அணைக்கட்டுக் கதையை வாசித்தல்

தாமிரபரணியின் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளில், ஆங்கிலேயர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய ஸ்ரீவைகுண்டம் தவிர ஏனைய ஏழும் அவர்கள் ஆட்சிக்கு முற்பட்டவை. மேலிருந்து மூன்றாவதான கன்னடியன் அணைக்கட்டைக் கல்லிடைக்குறிச்சிக்கு அருகே காணச் செல்வோர் பாபநாசம் அணையைப் போன்ற உயரத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே அடைவர். ஏனெனில் அணைக்கட்டு என்பது நீரைத் தேக்கி வைக்கும் அணையன்று, ஆற்றின் மட்டத்தைச் சற்றே உயர்த்தி, வேண்டிய நீரைக் கால்வாய்க்குள் திருப்பிவிட்டு, மிஞ்சியதைத் தன் மேலேயே வழிந்தோட விடும் தாழ்ந்த கற்சுவர். ஆகவே அதன் பெருமையைச் சுவரில் தேடுவதைவிட, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியே வலக்கரையில் செல்லும் கால்வாயில் தேடுவதே பொருந்தும்.

இக்கால்வாயின் தோற்றத்தை ஒரு கதை விளக்குகிறது. கன்னட நாட்டு அந்தணர் ஒருவர் பொதிகையில் அகத்தியரைக் கண்டு, அவர் சொற்படி ஒரு பசுவைப் பின்தொடர்ந்து, அது நடந்த தடத்தில் கால்வாயையும், கோமியம் விட்ட இடங்களில் மடைகளையும், படுத்த இடங்களில் குளங்களையும் அமைத்தார் என்பது அக்கதை. வெட்டியவர் யார், எந்த ஆண்டில் வெட்டினார் என்பதற்கு இதைச் சான்றாகக் கொள்வது இயலாது. எனினும் வெறும் புனைவென்று ஒதுக்குவதும் பிழையாகும். மேய்ந்து செல்லும் மாடு செங்குத்தான மேட்டைத் தவிர்த்து, சரிவை ஒட்டி வளைந்து நடக்கும். ஆற்றின் வாட்டத்தைவிடக் குறைந்த வாட்டத்தில், அதாவது மெல்லிய சரிவில், ஓடினால்தான் கால்வாய் மேட்டு வயல்களுக்கும் மேலாக நின்று பாய்ச்ச முடியும். மடை என்பது கரையிலிருந்து நீரை வயலுக்கு விடும் வாய்; பள்ளத்தில் அமையும் குளமோ வாய்க்கால் நீரையும் மழைநீரையும் ஏற்று, நிறைந்தபின் மறுகால் எனப்படும் கலிங்கு வழியே அடுத்த குளத்துக்கு அனுப்பும். தடம், வாய், தங்குமிடம் என்ற இவ்வமைப்பு முழுவதையும் எழுத்தறியாதவரும் மறவாதபடி கதை பாதுகாத்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

சேரன்மகாதேவியில் கால்வாய்க் கரையிலுள்ள மிளகுப் பிள்ளையார் வழிபாடு இதற்கு அரண் செய்கிறது. மழை பொய்த்த காலத்தில் மிளகை அரைத்துப் பிள்ளையார் மேனியில் பூசி நீராட்டுவர். அந்த நீர் வழிந்து கால்வாயைச் சேர்ந்தால் மழை பெய்யும் என்பது நம்பிக்கை. மலையில் தென்மேற்குப் பருவமழை தவறினால் காரும், வடகிழக்குப் பருவமழை தவறினால் பிசானமும், ஆக இரு நெற்பருவங்களும் கெடும் நாட்டில், இந்தச் சடங்கு கால்வாயைப் பொழிவோடு பிணைத்தே நினைத்தது.

ஆயினும் கதை ஒன்றை மறைக்கிறது. அது ஒரே மனிதருக்குப் புகழைத் தருகிறது. மண்ணை வெட்டிச் சுமந்தவர்களும், ஆண்டுதோறும் வண்டலை அள்ளியவர்களும் அதில் இல்லை. அணைக்கட்டு ஒருமுறை கட்டி முடிந்ததால் நிலைத்ததன்று. குடிமராமத்து எனப்பட்ட ஊராரின் உழைப்பால் கால்வாய் தூர்ந்துபோகாமல் காக்கப்பட்டதால்தான் கடைமடைக்கு, அதாவது கால்வாயின் இறுதி வயல்களுக்கு, நீர் எட்டியது. கன்னடியனைப் போற்றும் கதையைப் பயன்படுத்தும் வரலாற்றாளர் அந்தப் பெயரற்ற உழைப்பையும் சேர்த்தே எழுத வேண்டும். இல்லையேல் கால்வாயின் வரலாற்றில் பாதிக்கு மேல் விடுபட்டுவிடும்.