சிற்றில் முதல் சீதன வீடு வரை

பாவை வீடு என்றதும் அது மேல்நாட்டுச் சரக்கு என்றே நம்மவருக்குத் தோன்றும். மரப்பலகையாற் செய்து, கதவும் யன்னலும் வைத்து, உள்ளே சிறு கட்டிலும் அடுப்பும் நிரப்பிய அந்த விளையாட்டு வீடு ஐரோப்பாவில் உருவானதே. ஆயினும், சிறுமி ஒருத்தி தனக்கென ஒரு வீடு கட்டி விளையாடுவது தமிழுக்கு மிகப் பழையது. சங்கப் பாடல்கள் அதனைச் சிற்றில் என்கின்றன. பெண்பிள்ளைகள் மணலிற் கட்டிய வீடு அது. கலித்தொகையில், சிறு வயதிலே சிற்றிலைக் காலாற் சிதைத்தவனே பின்னர் தலைவனாக வருகின்றான். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில், சிற்றிலைச் சிதைக்காதே எனக் கண்ணனிடம் முறையிடும் பதிகம் ஒன்று உண்டு. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதிப் பருவங்களுள் ஒன்று சிற்றில் சிதைத்தல். கட்டுபவள் பெண், சிதைப்பவன் ஆண் என்றே நமது இலக்கியம் அவ்விளையாட்டைப் பார்த்து வந்திருக்கிறது.

ஐரோப்பியப் பாவை வீட்டின் கதை வேறு. பவேரியாவின் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் 1557-58இல் செய்வித்த சிறு மாளிகையை அதன் மூதாதை என்பர். அது குழந்தைகளுக்கு உரியதன்று. செல்வத்தைக் காட்டும் அரும்பொருள். 1631இல் நூரெம்பேர்க் நகரத்து அன்னா கோஃபர்லின் என்னும் பெண்மணி தாம் செய்வித்த பாவை வீட்டைக் கட்டணம் பெற்றுக் காட்சிக்கு வைத்தார். அதைப் பார்த்துப் பிள்ளைகள் இல்லம் நடத்தும் ஒழுங்கைக் கற்க வேண்டும் என்பது அவரது நோக்கம். ஆம்ஸ்டர்டாமின் பெட்ரோனெல்லா ஊர்ட்மன் 1686 முதல் 1710 வரை அமைத்த வீட்டுக்கு 20,000 முதல் 30,000 கில்டர் வரை செலவானதாம். அப்பணத்துக்கு அந்நகரின் கால்வாய்க் கரையில் மெய்யான வீடொன்றையே வாங்கியிருக்கலாம். புது டில்லியை வடிவமைத்த எட்வின் லட்டியன்ஸ், அரசி மேரிக்காக 1921-24 காலப்பகுதியில் ஒரு பாவை வீட்டை அமைத்தார். மெய்யான வீட்டில் ஓர் அடியாக இருப்பது அதில் ஓர் அங்குலம்.

இங்கே ஒரு முரண் உண்டு. இல்லம் நடத்தப் பெண்பிள்ளைகளைப் பழக்கிய அதே இங்கிலாந்தில், மணமான பெண் தன் பெயரில் சொத்தை முழுமையாக வைத்திருக்கும் உரிமையை 1882ஆம் ஆண்டுச் சட்டமே வழங்கியது. வீட்டைப் பேணுவது அவள் கடமையாயிருந்தது. வீடு அவளுடையதாக இருக்கவில்லை.

ஒட்டுப்பலகையாலும் பாவை வீடு செய்யப்படுவதுண்டு. இயந்திரம் வெட்டிய பலகைத் துண்டுகளைப் பெட்டியில் அடைத்து விற்பார்கள். வாங்குபவர் பொருத்திக்கொள்ள வேண்டும். இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் அத்தகைய பெட்டியொன்றைக் களுதாவளைக்குக் கொண்டுவந்தார். பேர்த்திக்காக அதைப் பொருத்தும் பணி என்னிடம் வந்தது. அயலிலிருந்த தச்சர் ஒருவர் துணைக்கு வந்தார்.

துண்டுகள் எல்லாவற்றிலும் முதலில் இலக்கமிட்டோம். பசை தடவுமுன், ஒட்டுநாடாவால் வீடு முழுவதையும் ஒருமுறை நிறுத்திப் பார்த்தோம். சுவரின் நாக்குகள் தளத்தின் துளைகளுள் இறுகின. தச்சர் அவற்றை மெல்லத் தேய்த்துச் சரிசெய்தார். பசையிட்ட பின் ஒவ்வொரு மூலையிலும் மூலைமட்டம் வைத்துப் பார்த்து, காயும்வரை கட்டி வைத்தோம். மூன்று மில்லிமீற்றர்ப் பலகை தானாகப் பாரம் தாங்காது. ஆகவே உட்புற மூலைகள்தோறும் சதுரச் சட்டத்துண்டுகளை ஒட்டினோம். அடியிலே தடித்த பலகையாற் சட்டமிட்டோம். கிழக்கே கடலும் மேற்கே வாவியும் உள்ள ஊரில் ஈரக்காற்று ஒட்டுப்பலகையை வளைத்துவிடும். ஒரு பக்கம் மாத்திரம் வர்ணம் பூசினால் மற்றப் பக்கம் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் இரு பக்கமும் பூசினோம். கறையானுக்கு அஞ்சி நிலத்தில் வைக்காது மேசைமீது ஏற்றினோம். பலகையைவிட மூட்டிலேதான் எங்கள் நேரம் முழுவதும் கழிந்தது.

முடிந்ததும், "இது ஆர்ர வீடு?" என்று பேர்த்தி கேட்டாள். "வீடு பொம்புளப் புள்ளைக்குத்தானே" என்றார் தச்சர்.

அது வேடிக்கைப் பேச்சன்று. மட்டக்களப்புப் பிரதேசத்தில் மகளுக்கு மணம் பேசும்போது வீடு சீதனமாக அவளுக்கே எழுதப்படும். மணமகன் அவ்வீட்டுக்கு வந்து வாழ்வான். பெற்றோர் அருகே வேறொரு வீட்டுக்கு மாறுவர். அடுத்த மகளுக்கும் அவ்வாறே. குடியும் தாய்வழியிலேயே எண்ணப்படும். அக்கரைப்பற்றில் ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இவ்வழக்கத்தை 2008இல் வெளியான தமது நூலில் விரிவாக எழுதியுள்ளார்.

இதற்குப் பின்னால் முக்குவர் சட்டம் என்ற பழைய வழமை இருந்தது. பரம்பரைச் சொத்தான முதுசொம் பெண்வழியே இறங்கும் முறை அது. கிறிஸ்தோபர் பிரிட்டோ அதனை 1876இல் ஆங்கிலத்தில் நூலாக்கினார். அதே 1876இல் வந்த திருமண உரிமை, மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அவ்வழமையை நீதிமன்றத்திலிருந்து அகற்றியது. சட்டம் போனது, சீதன வீடு என்ற வழக்கம் நிலைத்தது. இங்கிலாந்துப் பெண்ணுக்கு 1882இல் கிடைத்ததை, எங்கள் பெண்கள் எந்தச் சட்டத்தின் தயவுமின்றி வைத்திருந்தனர்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் எழுந்து வந்தது. வடக்குக் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் மீளக் கட்டலாகாது என அரசு முதலில் அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. இடம்பெயர்ந்தோருக்குப் புதிய காணிகளில் வீடுகள் கட்டப்பட்டன. பத்திரங்களில் "குடும்பத் தலைவர்" யார் என்ற கேள்வி வந்தபோது, பல இடங்களில் கணவரின் பெயரே எழுதப்பட்டது. தாய் கொடுத்த காணியை இழந்தவள், ஈடாகக் கிடைத்த வீட்டின் பத்திரத்தில் தன் பெயரைக் காணவில்லை. உதவ வந்தவர்கள் சுவரையும் கூரையையும் பார்த்தார்கள். அவ்வீடு யாருடைய வீட்டுக்கு ஈடு என்று கேட்டவர் குறைவு.

அரச காணிகளுக்கான 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமும், உரித்துப் பெறும் வரிசையில் ஆண்மக்களையே முன்வைத்திருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தமே அப்பாகுபாட்டை நீக்கியது. வரவேற்க வேண்டிய மாற்றம் அது. எனினும், ஏற்கெனவே ஒரு பெயரில் எழுதப்பட்ட பத்திரத்தைச் சட்டத் திருத்தம் தானாக மாற்றிவிடாது.

இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஊரில் வீடு கட்டப் பணம் அனுப்பும் உறவுகள் இதனை வாசிக்கக்கூடும். கொங்கிறீற்றின் கலவை சரிதானா, கம்பி போதுமா என்று தொலைபேசியில் கேட்கிறீர்கள். அத்துடன், உறுதியில் உங்கள் தங்கையின் பெயர் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இல்லையெனில், வீடு குடிபுகுமுன் அதனை எழுதுவியுங்கள்.