கதிரவன் வாடுமா?

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவ மேதை காலென், அரபு நூல்களில் ஜாலீனூஸ் என்று வழங்கப்பெறுபவர். அவர் கதிரவனைப் பற்றி ஒரு வாதத்தை விட்டுச் சென்றார். கதிரவன் அழியும் இயல்புடையதாயின், நெடுங்காலத்தில் அதில் வாட்டம் தென்பட்டிருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வானநூலார் கண்ட அளவோ மாறவேயில்லை. ஆகவே கதிரவனுக்கு அழிவில்லை என்பதே அவ்வாதம். உலகத்திற்குத் தோற்றமும் முடிவும் இல்லையெனக் கருதிய தத்துவவாதிகளுக்கு அது உறுதுணையாயிற்று.

அவ்வாதத்தைப் பக்தாத் நகரில் உரைத்துப் பார்த்தார் இமாம் கஸ்ஸாலி (ரஹ்). நிஜாமிய்யா கலாசாலையில் ஆசானாக வீற்றிருந்தபோது, 1095ஆம் ஆண்டில் அவர் முடித்த 'தஹாபுத்துல் பலாஸிபா'வின் இரண்டாம் விவாதம் உலகின் முடிவைப் பற்றியதே. அங்கே அவர் காலெனுக்குத் தர்க்கத்தாலேயே விடையளித்தார். வாடித்தான் ஒரு பொருள் அழிய வேண்டுமென்பதில்லை. முழு நிலையில் இருக்கும்போதே திடீரென அழிவதும் கூடும் என்றார். இனி, கதிரவன் வாடவில்லை என்பதை எங்ஙனம் அறிந்தீர்கள் என்றும் வினவினார். வானநூலார் அளவைகள் தோராயமானவை. கதிரவன் பூமியைப் போல் ஏறத்தாழ 170 மடங்கு பெரிதென்பது அக்காலக் கணக்கு. அத்துணைப் பெரும் பொருளிலிருந்து மலைகளின் அளவு குறைந்தாலும் கண்ணுக்குப் புலப்படுமோ? மாணிக்கக் கல்லொன்றை நூறாண்டு வைத்திருந்தாலும் அதன் தேய்மானம் தெரிவதில்லையே!

கஸ்ஸாலியின் நூலுக்கு அந்தலூசியாவின் இப்னு ருஷ்த் பின்னர் மறுப்பு எழுதினார். ஆயினும் கதிரவனைப் பற்றிய அந்த வினாவுக்கு இன்றைய அறிவியல் தரும் விடை வியப்பூட்டுவது. கதிரவன் ஒவ்வொரு நொடியும் 40 இலட்சம் டன்னுக்கு மேற்பட்ட பொருளை ஒளியாக்கி இழந்து வருகிறது. காலென் காலம் முதல் இன்று வரை இவ்வாறு இழந்ததோ அதன் மொத்த எடையில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவே! மலைகள் கரைந்தன, எவர் கண்ணுக்கும் புலப்படவில்லை. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் கதிரவனின் மையத்து எரிபொருள் தீர்ந்துவிடும்.

கதிரவன் கதை இதுவாயின், அண்டத்தின் கதை யாது? 1852இல் ஸ்காத்லாந்தில் பணியாற்றிய கெல்வின், இயங்காற்றல் யாவும் மீளாவகையில் சிதறிக்கொண்டே போகிறது என எழுதினார். ஈரண்டு கழித்து ஜெர்மானியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், வெப்பம் எங்கும் சமமாகி இயக்கமனைத்தும் ஓயும் நாளொன்று உண்டெனக் கூறினார். இதுவே 'வெப்பச் சாவு' எனும் கொள்கை.

1922இல் ருஷ்யக் கணித அறிஞர் பிரீட்மன், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து அண்டம் விரியவும் கூடும், பின்பு சுருங்கவும் கூடும் எனக் காட்டினார். 1929இல் ஹபிள் அண்டவெளித் தொகுதிகள் விலகி ஓடுவதை அளந்து அறிவித்தார். விரிவு ஒருநாள் நின்று, யாவும் மீண்டும் ஒன்றாய் நொறுங்குமோ என்ற கேள்வி பல்லாண்டுகள் அறிஞர்களை ஆட்கொண்டது. அந்நாளில், வானங்கள் சுருட்டப்படுவதை விஞ்ஞானமே மெய்ப்பித்துவிட்டது என மகிழ்ந்து எழுதினோரும் நம்மிடையே உண்டு.

ஆனால் 1998இல் வந்த செய்தி வேறு. தொலைதூர விண்மீன் வெடிப்புகளை ஆராய்ந்த இரு குழுவினர், விரிவின் வேகம் குறையவில்லை, கூடுகிறது என்று கண்டனர். அதற்குக் காரணமாகக் கருதப்படும் ஆற்றலுக்கு 'இருள் ஆற்றல்' எனப் பெயரிட்டனர். அது மாறாதிருப்பின், விண்மீன்கள் ஒவ்வொன்றாய் அவிந்து, அண்டம் குளிரிலும் இருளிலும் ஆழும். அது மேன்மேலும் வலுத்தால், அணுக்களும் கிழிந்து போகும் என 2003இல் ஒரு கணிப்பு வெளிவந்தது. 2024, 2025ஆம் ஆண்டுகளில் வெளியான 'டெஸி' ஆய்வு முடிவுகளோ, அவ்வாற்றல் தளர்ந்து வரக்கூடும் எனக் குறிப்புக் காட்டின. அது இன்னும் உறுதிப்படவில்லை.

ஒன்றரை நூற்றாண்டுக்குள் எத்தனை முடிவுகள்! சுருங்கல் கொள்கையில் தம் நம்பிக்கையின் கயிற்றைக் கட்டியவர்கள், 1998இல் அதை எங்கே அவிழ்த்துக் கட்டுவர்? இமாமவர்கள் இவ்வழியில் செல்லவில்லை. உலகம் நிலைக்குமா, அழியுமா என்பதில் அறிவு இரண்டையும் கூடுவதாகவே காண்கிறது. எது நிகழும் என்பது வஹீயால் அறியப்படுவது என்றே அவர் அவ்விவாதத்தில் வரையறுத்தார். கிரகணக் கணக்கு போன்று கணிதத்தால் நிறுவப்பட்டவற்றை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவர், எதிரியைவிட மார்க்கத்திற்கு மிகுந்த தீங்கிழைக்கிறார் என்றும் அந்நூலின் முகப்பிலேயே எச்சரித்தார்.

மறுப்பதில் அவசரம் தீங்கென்றால், அணைப்பதில் அவசரம் நன்மையாகுமா? அளப்போர் அளக்கட்டும், நாம் கற்போம். பொருள் தேய்வதைக் காண முடியவில்லை என்பதால் அது தேயவில்லையென முடிவு கட்டாதிருப்பதே, காலெனுக்கு இமாமவர்கள் புகட்டிய பாடம். அப்பாடம் நம் ஆயுளுக்கும் பொருந்துமன்றோ?