திங்கட்பெயரும் குடிப்பெருமையும்

குடிப்பெருமை பேசுவோர் அரசரையும் புலவரையும் வள்ளல்களையும் முன்னோராகக் காட்டுதல் உலக வழக்கு. விலைக்கு விற்கப்பட்டாரை முன்னோராக உடையோர் எதனைப் பெருமையாகக் கொள்வர்? இவ்வினாவிற்குத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனை விடை தருகின்றது.

1652 முதல் 1808 வரை அங்குக் கொண்டுவரப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என ஆய்வாளர் கணக்கிடுவர். ஆப்பிரிக்கக் கரை, மடகாஸ்கர், இந்தியா, இந்தோனேசியத் தீவுகள் ஆகிய நான்கும் ஏறக்குறையச் சமபங்கினவாம். டச்சுக் கிழக்கிந்தியக் குழுமத்தார் பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் நிலைகொண்டிருந்தனராதலின், இவருள் சோழமண்டலக் கரையினரும் இருந்தனர்.

இவர்கள் இழந்தவற்றுள் பெயரும் ஒன்று. 'பிப்ரவரி', 'செப்டம்பர்' எனத் திங்களின் பெயரோ, 'டைட்டஸ்' என உரோமப் பெயரோ பலர்க்கு இடப்பட்டது. அதனையடுத்து 'வான் பெங்காலன்', 'வான் கோரமண்டல்' என வந்த நிலம் குறிக்கப்பட்டது. 'வான்' என்பது டச்சு மொழியில் நீங்கற்பொருள் தரும் சொல். 'கோரமண்டல்' சோழமண்டலத்தின் திரிபு. ஊரும் குடியும் மறைந்து, ஒரு நெடுங்கரையின் பெயரே எஞ்சிற்று.

1834 டிசம்பர் 1-ஆம் நாள் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது. எனினும் 'தொழில் பயில்வோர்' என்னும் பெயரால் பழைய உடையவரிடமே உழைத்து, 1838-இல்தான் அவர்கள் முழுவிடுதலை எய்தினர். திங்கட்பெயர்களோ குடிப்பெயர்களாய் இன்றும் வழங்குகின்றன. 'நிறத்தார்' எனச் சட்டம் வகுத்த மக்கள் தென்னாப்பிரிக்க இலக்கியத்திற் காட்டப்பட்ட முறையை ஆராய்ந்து 1981-இல் நூல் வெளியிட்ட வெர்னன் பிப்ரவரி அத்தகு பெயர் தாங்கியவரே.

ஆப்பிரிக்கான்ஸ் மொழி வெள்ளையரின் ஆக்கமாகவே நெடுங்காலம் போற்றப்பட்டது. அதனை அடுக்களையிலும் வயலிலும் பேசி உருவாக்கியோருள் அடிமைகளும் அடங்குவர். அம்மொழியில் 'மிகுதி' எனப் பொருள்படும் 'பாயா' மலாய்ச் சொல்லின் வழியது. படுக்கையைக் குறிக்கும் 'காட்டெல்' நம் 'கட்டில்' என்பதே; பிறமொழிகளின் ஊடாகச் சென்று அங்குச் சேர்ந்தது. அம்மொழியை அரபு எழுத்தில் எழுதும் வழக்கும் அங்குள்ள இசுலாமியரிடையே இருந்தது. அவர்களுக்கென அபூபக்கர் எஃபெந்தி இயற்றிய 'பயானுத்தீன்' 1877-இல் அச்சேறியது.

விற்பனையால் வந்த இழிவு விற்றாரையும் வாங்கினாரையும் சாருமேயன்றி, விற்கப்பட்டாரைச் சாராது. அடிமைப்பட்டமை பெருமையன்று, அந்நிலையிலும் ஒரு மொழிக்கு உருத்தந்தமை பெருமையே. இகழ்ச்சியாய் இட்ட பெயரை மாற்றாது தாங்குவோர் அம்முன்னோரை மறைக்க மறுக்கின்றனர் எனல் பொருந்தும். நம் கடல்வணிகத்தின் சிறப்பை எழுதுவோர், இக்கரையினின்று விலைப்பொருளாய்ச் சென்றாரையும் நம் வரலாற்றுள் வைத்து எழுதுதல் கடனாகும்.