சபையின் வாரியமும் தேவைப் பொறியியலும்: திருபுவனை, எண்ணாயிரம், உத்திரமேரூர்க் கல்வெட்டுகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

ஒரு பணியைத் தொடங்குமுன் அதன் தேவைகளை அறிந்து, வரையறுத்து, எழுத்தில் பதிந்து, பின்னர் நேரும் மாற்றங்களை முறைப்படுத்துவது தேவைப் பொறியியல் எனப்படுகிறது. மென்பொருள் துறையில் உருவான இக்கருத்தாக்கத்தின் துணைகொண்டு, சோழர் காலச் சபைகளின் பணிமுறைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. அச்சபைகளின் நடைமுறைத் திறனையும், யாருடைய தேவைகள் ஏட்டில் ஏறவில்லை என்பதையும் ஒருசேர எடுத்துரைப்பது இதன் நோக்கமாகும்.

திறவுச் சொற்கள்: திருபுவனை, சதுர்வேதிமங்கலம், வாரியம், குடவோலை, தேவைப் பொறியியல், செயல்முறை மேலாண்மை.

முன்னுரை

புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் செல்லும் சாலையில் அமைந்துள்ள திருபுவனை, இன்று மின்னணுத் தொழிற்பூங்காவால் அறியப்படும் ஊராகும். அருகிலுள்ள மதகடிப்பட்டில் பொறியியல் கல்வி பயிற்றப்படுகிறது. தேவைகளை ஆவணப்படுத்துதல், செயல்முறைகளை மேலாண்மை செய்தல் முதலியன அத்துறை மாணவர்க்கு மேலைநாட்டு நூல்வழி அறிமுகமாகின்றன. அதே திருபுவனையின் வரதராசப் பெருமாள் கோயில் கற்சுவர்களிலோ, ஓர் ஊர்ச்சபை தன் பணிகளை வரையறுத்த முறை பத்து நூற்றாண்டுகளாக நிலைத்திருக்கிறது.

பழங்காலத்தில் மென்பொருள் பொறியியல் இருந்தது என்று கூறுவது இக்கட்டுரையின் கருத்தன்று. அத்தகைய பெருமிதம் வரலாற்றுக்கும் பொறியியலுக்கும் ஒருங்கே தீங்கு விளைப்பது. இன்றைய துறையொன்று எழுப்பும் வினாக்களைக் கல்வெட்டுச் சான்றுகளின்முன் வைத்தால் புதிய விடை கிடைக்குமா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

தேவைப் பொறியியல்: கருத்தும் திறன்களும்

1968ஆம் ஆண்டு செருமனியின் கார்மிச் நகரில் நடைபெற்ற மாநாட்டிற்குப் பின் 'மென்பொருள் பொறியியல்' என்னும் தொடர் பரவலாயிற்று. திட்டங்கள் பல நிரல் எழுதுவதில் மட்டுமல்லாது, என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக அறியாமையாலும் தோல்வியுற்றன. இதனை உணர்ந்ததன் விளைவாகவே தேவைப் பொறியியல் தனித்துறையாக வளர்ந்தது. தேவையைக் கேட்டறிதல், முரண்களைப் பகுத்தாய்தல், ஐயத்திற்கு இடமின்றி எழுதுதல், உரியவர்களிடம் சரிபார்த்தல், மாற்றங்களை மேலாண்மை செய்தல் என்னும் ஐந்தும் அதன் அடிப்படைத் திறன்களாம். யார் எப்பணியை எவ்வரிசையில் செய்வது, எவரிடம் கணக்குக் காட்டுவது என்பதைச் செயல்முறை மேலாண்மை வகுக்கிறது.

அளவிடத்தக்க தேவை: எண்ணாயிரமும் திருபுவனையும்

விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்திலுள்ள முதலாம் இராசேந்திரன் காலக் கல்வெட்டு, 340 மாணவரும் 14 ஆசிரியரும் கொண்ட கல்லூரியைப் பற்றிக் கூறுகிறது. இளநிலை மாணவர் 270 பேருக்கு நாளொன்றுக்குத் தலா 6 நாழி நெல்லும், முதுநிலை மாணவர் 70 பேருக்குத் தலா 1 குறுணி 2 நாழி நெல்லும் வகுக்கப்பட்டன. குறுணி 8 நாழி, கலம் 12 குறுணி எனக் கொண்டால், மாணவர்க்கு மட்டும் ஒரு நாள் தேவை 24 கலம் 2 குறுணி ஆகிறது. எந்தப் பாடத்திற்கு எத்தனை மாணவர் என்பதும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளது. இருக்கு வேதத்திற்கு 75 பேர், வேதாந்தத்திற்கு 10 பேர் என்பன சான்றுகளாகும். 'மாணவர்க்கு உணவளிக்க வேண்டும்' என்னும் பொது விருப்பம் இங்கு அளவிட்டுச் சரிபார்க்கத்தக்க தேவையாக மாறியுள்ளது.

முதலாம் இராசாதிராசனின் 30ஆம் ஆட்சியாண்டைச் (1048) சேர்ந்த திருபுவனைக் கல்வெட்டு, 260 மாணவரும் 12 ஆசிரியரும் இருந்த மற்றொரு கல்லூரியைக் குறிப்பிடுகிறது. அவர்கள் ஊர் வாரியங்களில் பணியாற்றுவதிலிருந்து விலக்களிக்கப்பட்டனர் என்பது இங்குக் கருதத்தக்கது. கற்றவரே வாரியப் பணிக்குத் தகுதியுடையோராகக் கருதப்பட்ட காலம் அது. அத்தகைய ஊரில் கற்போரையும் கற்பிப்போரையும் வாரியத்திற்கு அழைத்தால் கல்வி தடைபடும். அழைக்காவிடின் தகுதியுடையோர் எண்ணிக்கை குறையும். இரண்டு தேவைகள் மோதும்போது எதற்கு முன்னுரிமை என்பதைச் சபை எழுத்தில் தீர்த்துள்ளது. அவ்விலக்கே, வாரியமுறை திருபுவனையில் நடைமுறையில் இருந்ததற்கும் சான்றாகிறது.

மாற்ற மேலாண்மை: உத்திரமேரூர்

வாரியமுறையின் விரிவான விதிகளை உத்திரமேரூரில் காண்கிறோம். முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் (919, 921) சேர்ந்த இரு கல்வெட்டுகள் அங்குள்ளன. இரண்டாண்டு இடைவெளியில் ஒரே முறைமை திருத்தி எழுதப்பட்டிருப்பது ஆய்வுக்குரியது. முதல் விதியில் 30க்கு மேல் 60க்கு உட்பட்டிருந்த வயது, இரண்டாம் விதியில் 35க்கு மேல் 70க்கு உட்பட்டதாக மாறியது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமை என்னும் தகுதிக்கு, ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவர்க்கு அரைக்கால் வேலி போதும் என்னும் தளர்வு சேர்ந்தது. கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரும் வகைவகையாகப் பெயர் சுட்டி விலக்கப்பட்டனர்.

தீயோர் ஒழிந்து நல்லோர் சிறக்கவே இவ்வேற்பாடு என்று இரண்டாம் கல்வெட்டு தன் நோக்கத்தைத் தெரிவிக்கிறது. முதல் விதி நடைமுறையில் இடர்ப்பட்டதனாலேயே திருத்தம் தேவைப்பட்டது என ஊகிக்கலாம்.

குடவோலை எடுக்கும் முறையும் படிப்படியாக வகுக்கப்பட்டது. முப்பது குடும்புகளிலிருந்து முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியர். ஓலையை எடுப்பவன் வேறுபாடு அறியாச் சிறுவன். வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். ஓலை அனைவரும் கேட்கப் படிக்கப்பட வேண்டும். பணிக்காலம் 360 நாள். கணக்கு எழுதியவன் தானே கணக்கைக் காட்ட வேண்டும். அதை முடிக்க வேறொரு கணக்கன் புகலாகாது. ஒவ்வொரு படியிலும் தவறு நேரக்கூடிய இடம் முன்னறிந்து அடைக்கப்பட்டுள்ளது. முதல் கல்வெட்டு வேதக் கல்வியோடு காரியத்தில் தேர்ச்சியையும் தகுதியாகக் கேட்பதால், நடைமுறைத் திறன் தனியே மதிக்கப்பட்டதும் புலனாகிறது.

ஏட்டில் ஏறாத தேவைகள்

தேவைப் பொறியியலின் முதல் வினா, பங்குடையோர் யாவர் என்பதே. அவ்வினாவை எழுப்புமிடத்து இக்கல்வெட்டுகளின் எல்லை வெளிப்படுகிறது. விதிகளை வகுத்தவர் நிலமுடைய அந்தண ஆடவர். ஏரி நீரை வயலுக்குத் திருப்பிய உழுகுடிகளும், நாற்று நட்ட பெண்களும் ஓலையில் இடம்பெறவில்லை. தேர்வு முறை நேர்மையாக இருந்தது. ஆனால் யாருக்காக நேர்மை என்னும் வினா எஞ்சுகிறது. குறைவற எழுதப்பட்ட ஆவணம் முழுமையான ஆவணம் ஆகாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்வினா இன்றும் பழையதாகிவிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 1999இல் தொடங்கிய புதுச்சேரி ஏரிகள் மறுசீரமைப்புத் திட்டம், இப்பகுதியின் 84 ஏரிகளைச் சீரமைக்க முற்பட்டபோது ஏரிப் பயனாளர் சங்கங்களை அமைத்தது. ஏரியின் தேவையைப் பொறியாளர் மட்டும் எழுத இயலாது என்னும் உணர்வே அதற்கு அடிப்படை. இன்று அரசுச் சேவைகள் கணினிவழி மாறும்போதும், படிவத்தை வடிவமைப்பவர் யாரைக் கேட்டு வடிவமைக்கிறார் என்பதே முதன்மை வினாவாகிறது.

முடிவுரை

அளவிடத்தக்க தேவை, முரண்களுக்கு எழுத்துவழித் தீர்வு, திருத்தத்திற்கு இடம், கணக்குக்குப் பொறுப்பு என்னும் நான்கும் சோழர் காலச் சபைகளிடம் காணப்படும் திறன்களாகும். பங்குடையோர் அனைவரையும் கேட்டறிதல் அவற்றுள் இல்லை. முதல் நான்கைப் பெருமையுடன் கற்பிக்கும்போது ஐந்தாவதன் இன்மையையும் சேர்த்துக் கற்பிப்பதே ஆய்வுக்கு நேர்மையாகும். திருபுவனைப் பகுதியில் பொறியியல் பயிலும் மாணவர், தம் பாடநூலோடு அருகிலுள்ள கோயில் சுவரையும் படிக்கும் வாய்ப்பைப் பெற்றால், வரலாற்றுத் துறையும் தொழில்நுட்பத் துறையும் ஒன்றையொன்று வினவும் புதிய களம் உருவாகும்.